அருவியை எத்தனை நொடி எடுப்பது?

நீண்ட எக்ஸ்போஷரில், அதாவது ஷட்டரை அதிக நேரம் திறந்து வைத்து, அருவி எடுக்கப் பழகுபவர்கள் முதலில் கேட்பது ஷட்டர் வேகத்தைத்தான். அரை நொடி என்பார் ஒருவர், இரண்டு நொடி என்பார் இன்னொருவர், பத்து நொடி வைத்தால்தான் தண்ணீர் பால் மாதிரி வரும் என்பார் வேறொருவர். எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு போனால் எந்த எண்ணும் உதவாது. ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் தண்ணீர் உங்கள் ஃப்ரேமுக்குள் எவ்வளவு தூரம் நகர்கிறது என்பதைப் பொறுத்துத்தான் படத்தின் தோற்றம் அமையும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 10 மீட்டர் அருவி ஒன்று ஃப்ரேமின் உயரம் முழுவதையும் நிரப்பி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். காற்றின் தடையை விட்டுவிட்டால், உச்சியிலிருந்து விழும் துளி சுமார் 1.4 நொடியில் அடியைத் தொடும். தொடும்போது அதன் வேகம் நொடிக்கு 14 மீட்டர். 1/1000 நொடியில் அது ஒன்றரை சென்டிமீட்டர்கூட நகராது, துளி துளியாகத் தெரியும். 1/60ல் 23 செ.மீ. நகர்ந்துவிடும். தண்ணீர் உறைந்தும் நிற்காமல் இழையாகவும் ஓடாமல், கேமரா ஆடிவிட்டதோ என்று சந்தேகப்பட வைக்கும் வேகம் இது. 1/8ல் ஒன்றேமுக்கால் மீட்டர், கோடுகள் உருவாகத் தொடங்கிவிட்டன. அரை நொடியில் அருவியின் பாதிக்கும் மேல். 1.4 நொடியைத் தாண்டிவிட்டால் ஒவ்வொரு துளியும் ஃப்ரேமை முழுதாகக் கடந்துவிடுகிறது. அதற்குமேல் கூட்டும் நேரம் புதிதாக எதையும் வரைவதில்லை, ஏற்கெனவே விழுந்த கோடுகளின்மேல் பூசி அவற்றை மழுக்குகிறது.

அதனால்தான் அருவிப் படங்கள் பெரும்பாலும் நேரம் கூடிப்போய்க் கெடுகின்றன. பாறையில் மோதி எங்கே பிரிகிறது, எங்கே மறுபடி சேர்கிறது, எந்த இடத்தில் அடர்த்தி, எந்த இடத்தில் மெல்லிய திரை என்ற வடிவமெல்லாம் 1/8 நொடிக்கும் ஒரு நொடிக்கும் இடையில்தான் உயிரோடு இருக்கிறது. தண்ணீர் நிறைய விழும் பெரிய அருவிக்கு 1/8, 1/4 போதும். அதற்குமேல் போனால் நடுவில் ஒரு வெள்ளைப் பட்டைதான் மிஞ்சும். படிப்படியாக இறங்கும் ஓடைக்கு அரை நொடி. பாறையை ஒட்டி வழியும் மெல்லிய நீருக்கு ஒன்று முதல் இரண்டு நொடி தாராளமாகக் கொடுக்கலாம், அங்கே அழிந்துபோக அதிகம் இல்லை. அதே அருவி தூரத்தில், ஃப்ரேமின் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் மட்டும் இருந்தால், படத்தில் விழும் கோடும் மூன்றில் ஒரு பங்குதான். அதே தோற்றம் வேண்டுமென்றால் மூன்று மடங்கு நேரம் வேண்டும். தூரத்தை நெருக்கிக் காட்டும் டெலி லென்ஸால் ஒரு பகுதியை மட்டும் எடுக்கும்போது கணக்கு தலைகீழ்: 1/15கூட நீளமான இழையாக வரும்.

1861ல் ஒளிப்படக்காரர் கார்ல்டன் வாட்கின்ஸ் அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கை எடுத்த பெரிய கண்ணாடித் தகடுகளிலும் தண்ணீர் இழையாகத்தான் இருக்கிறது. ஒளியை மிக மெதுவாகப் பதிவுசெய்த அந்த ஈரத் தகடுகளில் வேறு வழியே இருக்கவில்லை. இன்று நம்மிடம் இருக்கும் சிக்கல் நேர்மாறானது: வெளிச்சம் அதிகம், சென்சாரின் ஒளி உணர்திறன் அதிகம், ஷட்டரை மெதுவாக்கத்தான் பாடுபட வேண்டியிருக்கிறது.

வெளிச்சம்தான் பாதி வேலையைச் செய்துவிடும். மரங்கள் அடர்ந்த ஓடையில் மேகமூட்டமான நாளில், ஐஎஸ்ஓ (சென்சாரின் உணர்திறன்) 100, லென்ஸ் துளை எஃப்/11 வைத்தால் கேமராவின் ஒளி மீட்டர் 1/8 நொடியை ஒட்டிக் காட்டும். போலரைஸர் (பிரதிபலிப்பை வெட்டும் ஃபில்டர்) மாட்டினால் ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்) குறைந்து தானாகவே 1/3, 1/2 நொடிக்கு வந்துவிடும். வெளிச்சத்தைக் குறைக்கும் கறுத்த கண்ணாடியான என்டி ஃபில்டரே தேவையில்லை. வெயிலில் அதே எஃப்/11ல் 1/250 நொடி. அங்கிருந்து அரை நொடிக்கு வர ஏழு ஸ்டாப் குறைக்க வேண்டும். குறைத்தாலும் படம் தேறாது. நனைந்த பாறையின் நிழல் கரியாகவும், வெயில் பட்ட நுரை வெறும் வெள்ளையாகவும் நிற்கும். ஃபில்டர் வெளிச்சத்தின் அளவைத்தான் குறைக்கும், வெயிலுக்கும் நிழலுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைக்காது. வெயில் ஏறுமுன் காலையிலோ, மலை மறைத்தபின் மாலையிலோ, மழை விட்ட உடனேயோ எடுப்பதற்கு இதுதான் காரணம்.

ஃபில்டர் இல்லாதபோது அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் துளையை, எஃப்/22க்கு மூடிவிடும் ஆசை எல்லோருக்கும் வரும். செய்யாதீர்கள். சிறிய துளையில் ஒளி விளிம்பு விலகுவதால் படம் முழுக்க மொழுமொழுவென்று ஆகிவிடும், இலை நரம்பும் பாறைப் பொருக்கும் போய்விடும். பெரிய ஃபுல் ஃப்ரேம் சென்சாரில் எஃப்/16 வரை, அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சியில் எஃப்/11 வரை, இன்னும் சிறிய மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் எஃப்/8 வரை பயமில்லை. துளை சிறுக்கச் சிறுக்க சென்சாரில் உள்ள தூசியும் ஃபில்டரில் ஒட்டிய துளியும் திட்டுத் திட்டாகத் தெரியத் தொடங்கும் என்பது கூடுதல் தொல்லை. ஐஎஸ்ஓவை 50க்கு இறக்க கேமரா அனுமதித்தாலும் அது பல கேமராக்களில் நீட்டிக்கப்பட்ட அளவுதான். நேரம் இரட்டிப்பாகும், ஆனால் வெளிச்சமான பகுதிகளைத் தாங்கும் திறனில் ஒரு ஸ்டாப் போய்விடும். வெள்ளை நுரைதான் படத்தின் மையம் என்னும்போது அது வேண்டாத பேரம்.

ஒரே ஒரு ஃபில்டர்தான் கையில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் போலரைஸரை எடுங்கள். நேரத்தைக் கூட்டுவது அதன் உபவேலை. நனைந்த பாறை, ஈர இலை, குளத்தின் மேற்பரப்பு எல்லாம் வானத்தின் வெண்மையைப் பிரதிபலித்துக்கொண்டிருக்கும். அந்தப் பூச்சை எடுத்துவிட்டால் அடியில் இருக்கும் பச்சையும் பழுப்பும் வெளியே வரும். இந்த விளைவை பிந்தைய திருத்தத்தில் எந்த மென்பொருளாலும் முழுதாகக் கொண்டுவர முடியாது, ஏனென்றால் பிரதிபலிப்புக்கு அடியில் இருந்த நிறம் படத்தில் பதிவாகியிருக்கவே இல்லை. தண்ணீரின் பரப்பை ஏறக்குறைய 37 டிகிரி சாய்வில் பார்க்கும்போது விளைவு உச்சத்தில் இருக்கும். நேர் மேலிருந்து பார்த்தால் மிகக் குறைவு. ஃபில்டரைச் சுழற்றும்போது படம் முழுவதையும் பார்க்க வேண்டாம். ஒரு நனைந்த பாறையை மட்டும் பிடித்துக்கொண்டு அதன் பளபளப்பு மறையும் இடத்தில் நிறுத்துங்கள். பிறகு கொஞ்சம் பின்னுக்குத் திருப்பிப் பார்ப்பதும் நல்லது. பிரதிபலிப்பை முற்றிலும் துடைத்துவிட்டால் பாறை ஈரமாக இருப்பதே தெரியாமல் செத்துப்போன மாதிரி இருக்கும். சாரலில் வானவில் தெரிந்தால் கவனம், வானவில்லின் ஒளி போலரைஸ் ஆனது. ஒரு திருப்பில் பளிச்சென்று கூடும், கால் சுற்று தள்ளினால் காணாமலே போய்விடும்.

என்டி ஃபில்டர்களின் பெயர்களில்தான் குழப்பம். என்டி8, 0.9, மூன்று ஸ்டாப் மூன்றும் ஒன்றே. என்டி64, 1.8, ஆறு ஸ்டாப் ஒன்று. என்டி1000, 3.0, பத்து ஸ்டாப் ஒன்று. என்டிக்குப் பின்னால் இருக்கும் எண்ணால் நேரத்தைப் பெருக்கினால் போதும்: 1/15 நொடி காட்டும் இடத்தில் என்டி8 மாட்டினால் ஏறக்குறைய அரை நொடி, 1/4 நொடிக்கு என்டி64 என்றால் 16 நொடி, 1/30 நொடிக்கு என்டி1000 என்றால் 33 நொடி. அருவிக்கும் ஓடைக்கும் என்டி8ம் என்டி64ம் போதும். என்டி1000 கடலுக்கும் ஏரிக்கும் உரியது, அருவியில் அதற்கு வேலை அரிது. சுழற்றி அடர்த்தி மாற்றும் வேரியபிள் என்டி வீடியோவுக்கு வசதி. ஆனால் அது இரண்டு போலரைஸர்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்த பொருள் என்பதால், அகன்ற லென்ஸில் கடைசி அளவுவரை திருப்பினால் படத்தின் குறுக்கே பெருக்கல் குறி மாதிரி கறுப்புப் பட்டை விழும். அடர்த்தியான மலிவு ஃபில்டர்கள் கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்துவிட்டு அகச்சிவப்பு ஒளியைக் கசிய விடுவதும் உண்டு. அடர்நிறங்களில் செம்பழுப்பு ஏறியிருந்தால் காரணம் அதுதான். ஒயிட் பேலன்ஸை (நிறச் சமநிலையை) ஆட்டோவில் விடாமல் கையால் வைத்து ராவில் (கேமரா திருத்தாத மூலக் கோப்பில்) எடுத்தால் பெரும்பகுதியைச் சரிசெய்யலாம்.

இடத்தில் வேலை செய்யும் வரிசை முக்கியம், ஏனென்றால் அடர்ந்த ஃபில்டரை மாட்டியபின் பல விஷயங்களைச் செய்ய முடியாது. ஃபில்டர் இல்லாமல் ஃப்ரேமை அமையுங்கள். ஃபோகஸ் வையுங்கள். ஃபுல் ஃப்ரேமில் 24 மி.மீ., எஃப்/11 என்றால் 1.8 மீட்டரில் ஃபோகஸ் வைக்கும்போது 90 செ.மீ. முதல் தொலைவு வரை கூர்மையாக இருக்கும் என்பது வழக்கமான கணக்கு. பெரிய அளவில் அச்சிடப் போகிறீர்கள் என்றால் எஃப்/8க்கான 2.4 மீட்டரில் ஃபோகஸ் வைத்து எஃப்/11ல் எடுப்பது பாதுகாப்பு. ஃபோகஸ் ஆனதும் மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் ஃபில்டர் மாட்டியபின் லென்ஸ் இருட்டில் முன்னும் பின்னும் தேடிக்கொண்டிருக்கும். மீட்டர் காட்டும் நேரத்தைக் குறித்துக்கொண்டு, ஃபில்டரை மாட்டி, எம் (மேனுவல்) மோடில் பெருக்கிய நேரத்தை வையுங்கள். மாட்டும்போது ஜூம் வளையமோ ஃபோகஸ் வளையமோ நகர்ந்துவிடுவது நிறைய நடக்கிறது, திரையில் பெரிதாக்கி ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஷட்டரை விரலால் அழுத்தாமல் ரிமோட் அல்லது 2 நொடி டைமர். ஐபிஸ் (கேமராவுக்குள் இருக்கும் அசைவுத் தடுப்பு), லென்ஸ் ஸ்டெபிலைசேஷன் இரண்டையும் அணைத்துவிடுவது நல்லது. முக்காலியில் அசையாமல் நிற்கும்போது சில லென்ஸ்களில் அதுவே அசைவை உண்டாக்கும். டிஎஸ்எல்ஆர் என்றால் உள்ளே இருக்கும் கண்ணாடியை முன்கூட்டியே தூக்கி நிறுத்தும் மிரர் லாக்கப் போடுங்கள், பத்து ஸ்டாப் ஃபில்டரோடு எடுக்கும்போது வியூஃபைண்டரையும் மூடுங்கள். பின்னாலிருந்து நுழையும் வெளிச்சம் படத்தின் நடுவில் மங்கலான பட்டையாக விழும். 30 நொடிக்கு மேல் போக, அழுத்தியிருக்கும்வரை ஷட்டரைத் திறந்தே வைக்கும் பல்ப் மோட் தேவைப்படும். லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன் ஆனில் இருந்தால், 30 நொடிப் படத்துக்குப் பின் கேமரா இன்னொரு 30 நொடி இருட்டுப் படம் எடுக்கும். கேமரா உறைந்துவிட்டது என்று நினைத்து பேட்டரியைக் கழற்றிவிடாதீர்கள்.

முக்காலி ஓடைக்குள் நிற்கும்போது தண்ணீர் கால்களைத் தள்ளிக்கொண்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த அதிர்வு அரை நொடிப் படத்தில் பாறைகளின் விளிம்பை இரட்டிப்பாக்கும். மெல்லிய கடைசிக் கணுவைத் தண்ணீருக்குள் நீட்டுவதைவிட, பருத்த கணுக்களை முதலில் நீட்டுங்கள். ஒரு காலை நீரோட்டம் வரும் திசைக்கு எதிராக வைத்து, மணலோ கூழாங்கல்லோ இருந்தால் அழுத்தி இறக்கி, பாறையில் முட்டுமாறு நிறுத்துங்கள். நடுத்தண்டை உயர்த்த வேண்டாம். பையைக் கொக்கியில் தொங்கவிட்டால் அது காற்றில் ஊசலாடி எதிர்விளைவைத் தரும், அடி தரையைத் தொடும் அளவுக்கு இறக்கித் தொங்கவிடுங்கள். கேமராவின் கழுத்துப் பட்டையும் காற்றில் படபடக்கும், கழற்றிவிடுவது மேல். படம் எடுத்தபின் திரையில் பார்க்க வேண்டியது தண்ணீரை அல்ல, தண்ணீருக்குப் பக்கத்தில் இருக்கும் நனையாத பாறையை. அதை நூறு சதவீதம் பெரிதாக்கினால் முக்காலி நின்றதா இல்லையா என்று உடனே தெரிந்துவிடும்.

சாரல் வேறு பிரச்சினை. அருவியின் அடியில் காற்று வெளிநோக்கி வீசும், சில நொடிகளிலேயே கண்ணாடி முழுக்கத் துளிகள் வந்துவிடும். திரையில் சிறிதாகப் பார்க்கும்போது தெரியாது. வீட்டில் திறந்து பார்த்தால் வட்ட வட்டமாக மங்கல் திட்டுகள். கேமராவை அருவிக்கு முதுகு காட்டித் திருப்பி வைத்து ஃபில்டரைத் துடைத்து, உலர்ந்த துணியால் மூடியபடியே அருவிப் பக்கம் திருப்பி, ரிமோட்டை அழுத்தும் நொடியில் துணியை எடுங்கள். எடுத்து முடித்ததும் மறுபடி மூடிவிடுங்கள். மைக்ரோஃபைபர் துணி ஒன்று போதாது, நனைந்த துணி துளியைத் துடைப்பதற்குப் பதில் பரப்பிவிடும். மூன்று நான்கு துணிகளைத் தனித்தனி ஜிப் கவரில் வைத்துக்கொள்ளுங்கள். குடை பிடிக்க ஒருவர் இருந்தால் பாதிக் கவலை தீரும். குளிரூட்டிய அறையிலிருந்தோ வண்டியிலிருந்தோ நேராக ஈரக் காற்றுக்கு வந்தால் லென்ஸில் ஆவி படியும். பையைத் திறக்காமல் இருபது, முப்பது நிமிடம் விட்டுவிட்டால் அது தானாகச் சரியாகும்.

எக்ஸ்போஷரில் தண்ணீரின் வெள்ளைதான் எல்லை. இருண்ட காட்டுக்குள் அருவி சிறியதாக இருந்தால் மீட்டர் காட்டை நம்பி நேரத்தைக் கூட்டிவிடும், நுரை விவரமே இல்லாத வெறும் வெள்ளையாக வெடித்துவிடும். வெடித்த இடங்களைத் திரையில் சிமிட்டிக் காட்டும் ஹைலைட் எச்சரிக்கையை ஆன் செய்துவிட்டு, நுரையின் மிக அடர்த்தியான இடத்தில் மட்டும் லேசாகச் சிமிட்டும் அளவுக்குக் குறைத்துக்கொண்டே வாருங்கள். மீட்டர் சொல்வதிலிருந்து மூன்றில் இரண்டு ஸ்டாப், சில நேரம் ஒரு ஸ்டாப்கூடக் குறைக்க வேண்டியிருக்கும். நிழலை ராவில் தூக்கிக்கொள்ளலாம், வெடித்த வெள்ளையைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. ஒன்றைக் கவனியுங்கள்: குறைப்பதை ஷட்டரால் செய்தால் தண்ணீரின் தோற்றமும் மாறும். தோற்றம் பிடித்திருந்தால் ஷட்டரைத் தொடாமல் அப்பர்ச்சரையோ ஃபில்டரையோ மாற்றுங்கள்.

அருவி இருக்கும் இடத்தில் காற்றும் இருக்கும், இலைகள் ஆடும். அரை நொடியில் செடிகள் பச்சைப் புகையாகிவிடும். அதே ஃபோகஸ், அதே அப்பர்ச்சர், முக்காலியை நகர்த்தாமல் இரண்டு படங்கள் எடுங்கள்: தண்ணீருக்கு அரை நொடி, ஐஎஸ்ஓ 100, இலைகளுக்கு ஐஎஸ்ஓ 1600, 1/30 நொடி. காற்று ஒரு கணம் ஓயும்போது இரண்டாவதை எடுத்தால் 1/30 போதும். பிறகு மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, லேயர் மாஸ்கில் இலைப் பகுதியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். முன்னால் மெதுவாக ஓடும் ஓடையும் பின்னால் வேகமாக விழும் அருவியும் ஒரே ஃப்ரேமில் இருக்கும்போதும் இதே வழி உதவும்.

கடலுக்கு வேறு பழக்கம். அலை வரும்போது அழுத்தினால் வெள்ளைக் குழப்பம்தான் கிடைக்கும். அலை உடைந்து திரும்பி இறங்கத் தொடங்கும்போது 1/4 முதல் ஒரு நொடி வரை எடுத்தால் மணலிலும் பாறைகளுக்கு நடுவிலும் நீண்ட வெள்ளைக் கோடுகள் வரும். 30 நொடிக்கு மேல் அலையெல்லாம் பனிமூட்டமாகிவிடும், அப்போது படத்தைத் தாங்க ஒரு பாறையோ தூணோ அசையாமல் நடுவில் வேண்டும். ஓடையில் நுரை சுழலும் சிறு தேக்கம் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். 5 முதல் 15 நொடி வைத்தால் நுரை வட்ட வட்டமாக எழுதிக் காட்டும். ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று கைக்கடிகாரத்தில் பார்த்து அந்த நேரத்தையே வைத்தால் வட்டம் முழுமையாக மூடும்.

ஃபில்டரே இல்லாவிட்டால் முக்காலியில் 1/15 நொடியில் 16 படங்கள் தொடர்ந்து எடுத்து மென்பொருளில் சராசரி எடுங்கள், ஏறக்குறைய ஒரு நொடிப் படத்துக்கு நிகராக வரும், நாய்ஸும் நான்கில் ஒன்றாகக் குறையும். 1/250ல் எடுத்த 16 படங்களைச் சேர்த்தால் இப்படி வராது, இழைக்குப் பதில் புள்ளிகள் சிதறிக் கிடக்கும். 2019ல் வந்த ஒலிம்பஸ் இ-எம்1எக்ஸ் கேமராவின் லைவ் என்டி வசதி இந்தச் சேர்க்கையைக் கேமராவுக்குள்ளேயே செய்கிறது. ஐபோனில் 2017ல் வந்த ஐஓஎஸ் 11 முதல், லைவ் போட்டோவாக எடுத்ததை லாங் எக்ஸ்போஷராக மாற்றலாம், போனை எதிலாவது சாய்த்து வைத்தால் போதும். போனின் புரோ மோடில் நேரத்தைக் கூட்டப் பார்ப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அப்பர்ச்சர் எஃப்/1.8ஐ ஒட்டி மாறாமல் நிற்கும் போன்களில், ஐஎஸ்ஓ 50 வைத்தாலும் மர நிழலிலேயே 1/160 நொடிதான் கிடைக்கும். என்டி64 கிளிப் ஃபில்டர் மாட்டினால்தான் 0.4 நொடிக்கு வரும்.

கணினியில் திறந்ததும் தண்ணீர் நீலமாக இருந்தால் அது நிழலில் விழும் வானத்தின் நிறம். ஒயிட் பேலன்ஸை 6000 முதல் 7000 கெல்வின் வரை ஏற்றிப் பாருங்கள், கொஞ்சம் குளுமையை மட்டும் விட்டுவைத்தால் போதும். கிளாரிட்டி, டெக்ஸ்சர் ஸ்லைடர்களைப் படம் முழுக்க இழுக்காதீர்கள். பாறைக்கும் இலைக்கும் மாஸ்க் போட்டுக் கூட்டுங்கள், தண்ணீரைத் தொடாமல் விடுங்கள். கூர்மை ஏற்றிய தண்ணீர் கம்பி கம்பியாக நிற்கும்.

ஆற்றுக்குள் நிற்பவர்கள் பார்வையை ஃப்ரேமுக்குள் மட்டும் வைத்திருக்கக் கூடாது. மேலே எங்கோ மழை பெய்தால் இங்கே வானம் தெளிந்திருக்கும்போதே தண்ணீர் ஏறும். தெளிந்த நீர் கலங்குவது, சருகும் குச்சியும் மிதந்து வரத் தொடங்குவது, இரைச்சல் தடிப்பது, நீங்கள் அடையாளம் வைத்திருந்த கல் மூழ்குவது, இதில் எது நடந்தாலும் கேமராவோடு முக்காலியைத் தூக்கிக்கொண்டு கரையேறிவிடுங்கள், ஃபில்டர் கழற்றுவதெல்லாம் கரையில். பாசி படிந்த கறுத்த பாறையில் கால் வைக்காதீர்கள், சொரசொரப்பான வெளிறிய பாறை பரவாயில்லை.

திரும்பியதும் முக்காலிக் கால்களைக் கணு கணுவாகக் கழற்றி நல்ல தண்ணீரில் அலசி, தலைகீழாக உலர விடுங்கள். கடல்நீர் பட்டதென்றால் அன்றே செய்துவிட வேண்டும், பூட்டு வளையத்துக்குள் போன உப்பும் மணலும் சீக்கிரமே திருகை இறுக்கிவிடும். ஒன்றோடொன்று இறுகிக்கொண்ட ஃபில்டர்களை விரலால் நெரித்துத் திருகினால் வளையம் நசுங்கி இன்னும் இறுகும். இரண்டு வளையங்களிலும் ஒவ்வொரு ரப்பர் பேண்டைச் சுற்றி, உள்ளங்கையைப் பரப்பிப் பிடித்து மெதுவாகத் திருப்பினால் விட்டுக்கொடுக்கும்.